வெளிநாட்டில் இருப்பவருக்கு வீடு விற்பதென்றால்...



வெள்ளவத்தையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் இணையத்தளம் வடிவமைக்கப் படித்தவர். உறவினர் ஒருவர் வீடு, காணி வாங்கி விற்கும் தொழில் செய்கிறார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தொடர்மாடி வீடுகளை வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் காட்ட ஒரு தளம் செய்து தரும்படி மகளிடம் கேட்டிருக்கிறார். மகளும் நல்ல படங்களைப் போட்டு, நல்ல நிறங்களில் செய்து கொடுத்திருக்கிறார். ஆனால், "பார்க்கிறவர்கள் நிறையப் பேர். விசாரிக்கிறவர்களோ இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் காணாமல் போய்விடுகிறார்கள். இன்னும் என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

படங்களில் குறை இருக்காது. ரொறன்ரோவிலோ, லண்டனிலோ, கட்டாரிலோ இருப்பவர் பல வருடச் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தொட்டுப் பார்க்க முடியாத ஒரு பொருளை வாங்க வருகிறார். அவருடைய மனதில் நான்கு பயங்கள் இருக்கும். விற்கிறவர் உண்மையில் சொந்தக்காரர்தானா? எனக்கு வாங்க உரிமை உண்டா? காசை யாரிடம், எப்படி அனுப்புவது? வாங்கியபின் வீட்டை யார் பார்த்துக்கொள்வது? இந்த நான்கிற்கும் அவர் கேட்காமலே பதில் தருகிற பக்கத்தைத்தான் அவர் நம்புவார்.

அன்று மாமா பார்த்தார்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் வரை இறங்கும் ஒழுங்கைகளில் தனி வீடுகள் இருந்த இடமெல்லாம் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. 1983க்குப் பின்னர் வெளிநாடு போனவர்கள், யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள், வளைகுடாவில் உழைத்த நம்மவர்கள் என்று பலருடைய காசும் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் ஜம்பட்டா வீதியைச் சுற்றி அப்படித்தான்.

அந்நாட்களில் வெளிநாட்டில் இருப்பவருக்குக் கண்ணாக ஒரு உறவினர் இங்கே இருந்தார். மாமாவோ, நானாவோ, மச்சானோ நேரில் போய்ப் பார்ப்பார். அயல் வீட்டில் விசாரிப்பார். தெரிந்த சட்டத்தரணியிடம் உறுதியைக் காட்டுவார். 2007இல் லங்கா ப்ரொபர்ட்டி வெப், 2012இல் இக்மன் என்று தளங்கள் வந்தபின், பார்க்கிற வேலை கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டது. விசாரிக்கிற வேலை மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் நடுவில் நிற்கிறது. மாமா கேட்டிருக்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் உங்கள் மகளின் தளம் பதில் வைத்திருக்க வேண்டும்.

தளத்தில் வீடு விற்க முடியாது

இலங்கையில் காணி, வீடு கைமாறுவதற்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் ஒரு வழியை வகுத்திருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிட வேண்டும். கணினி வழிக் கொடுக்கல் வாங்கலுக்கு இடம்கொடுத்த 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் அசையாச் சொத்து விற்பனையையும் அற்றோணித் தத்துவத்தையும் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது.

ஆகவே ஒரு தளத்தில் "இப்போதே வாங்குங்கள்" என்று பொத்தான் இருந்தால், விபரம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே சந்தேகப்படுவார். "உங்கள் சார்பில் ஒரு சட்டத்தரணியை நீங்களே நியமியுங்கள். அவருக்குப் பத்திரங்களை நாங்கள் காட்டுகிறோம்" என்று எழுதிப் பாருங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் சட்டத்தரணியையே வாங்குபவரும் பிடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை வேண்டாமென்று விற்பவர் பக்கமே சொல்லும்போது, இவர்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று வாங்குபவருக்குத் தோன்றும்.

உறுதியில் யார் பெயர்?

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறிய அட்டவணை போடச் சொல்லுங்கள். உறுதி எந்த வகை, எந்த ஆண்டு? நில அளவைப் படம் எந்த ஆண்டு, எந்த அளவையாளர் வரைந்தது? வங்கியில் ஈடு இருக்கிறதா? மாநகர சபை வரி எதுவரை கட்டியிருக்கிறது? அனுமதித்த படத்தின்படியே கட்டிடம் எழும்பியிருக்கிறது என்று தரப்படும் சான்றிதழ், அதாவது எல்லோரும் சீ.ஓ.சீ. என்று சொல்வது, கைவசம் இருக்கிறதா? தொடர்மாடியென்றால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அந்த வீட்டுக்குத் தனி உறுதி கொடுக்கக்கூடியவாறு படம் பதிவாகியிருக்கிறதா? கட்டிடம் எழும்பி, ஆட்கள் குடிவந்து, வருடங்கள் போனபின்பும் தனி உறுதி கிடைக்காமல் அலைகிறவர்களைப் பற்றி வாங்குபவரும் கேள்விப்பட்டிருப்பார்.

வாங்குபவருடைய சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் பொதுவாக 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடுவார். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பத்திரப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, முறையாக முதலில் பதியப்பட்ட உறுதிக்கே முன்னுரிமை. ஒரே வீட்டை இரண்டு பேருக்கு எழுதிக்கொடுக்கும் மோசடி இதனால்தான் பதிவைத் தாமதப்படுத்துகிறவரைச் சுடுகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நம்பிக்கை வரட்டும் என்று உறுதியின் முழுப் பிரதியையும், சொந்தக்காரரின் அடையாள அட்டையையும் படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடாதீர்கள். கள்ள உறுதி எழுதுகிறவனுக்கு நாமே மாதிரியைக் கொடுத்ததாகிவிடும். பக்கத்தில் விபரம் மட்டும் இருக்கட்டும். பிரதிகளை விசாரித்து வருகிறவரின் பெயரையும் அவருடைய சட்டத்தரணியின் பெயரையும் தெரிந்துகொண்ட பின்னர் அனுப்பலாம். அவர்கள் அனுப்பும் கடவுச்சீட்டுப் பிரதியும் நம்மிடம் அமானிதம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. அவற்றை வட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போடுவது எந்த வகையிலும் சரியாகாது.

நம் வீடுகளில் இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு. மகளுக்குக் கல்யாணத்தின்போது வாப்பா வீட்டை நன்கொடை உறுதியாக எழுதியிருப்பார். ஆனால் தானும் உம்மாவும் மௌத்தாகும்வரை அனுபவிக்கும் உரிமையை அதிலேயே வைத்திருப்பார். அந்த உரிமை இருக்கும்போது மகள் மட்டும் ஒப்பமிட்டால் வாங்குபவருக்கு முழு வீடும் கிடைக்காது. மற்றது, வாப்பா எழுதாமலே மௌத்தாகிவிட்ட வீடு. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி அது உம்மா, ஆண் மக்கள், பெண் மக்கள் எல்லோருக்கும் பங்காகச் சேர்ந்துவிடுகிறது. வீட்டில் இருக்கும் நானா ஒருவர் தன் விருப்பத்தில் விளம்பரம் போட்டுவிட முடியாது. ராத்தாவின் பங்கும் தங்கையின் பங்கும் அதில் இருக்கிறது. "உறுதி வாப்பாவின் பெயரில், வாரிசுகள் ஐந்து பேர், ஐவரும் சம்மதம், நீதிமன்ற நடவடிக்கை முடிந்தது" என்று பக்கத்தில் ஒரு வரி இருந்தால் வாங்குபவருக்கும் நிம்மதி, அந்தப் பெண் மக்களுக்கும் பாதுகாப்பு.

சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து, இங்கே ஒருவர் அற்றோணித் தத்துவத்தில் விற்கிறார் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். தத்துவம் கொடுத்தவர் ரத்துச் செய்தாலோ மௌத்தானாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும். சொந்தக்காரரே வீடியோ அழைப்பில் வந்து இரண்டு வார்த்தை பேசுவதற்கு ஏற்பாடு செய்தால், வாங்குபவரின் பாதிப் பயம் போய்விடும்.

யார் வாங்கலாம்?

இந்தக் கேள்வியை எத்தனையோ தளங்கள் தொடுவதேயில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம் வெளிநாட்டுப் பிரசைகள் இலங்கையில் காணி வாங்குவதைத் தடுக்கிறது. பின்னர் திருத்தங்களும் வந்தன. நடைமுறையில் வாங்க வருகிறவர்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாமவர், இலங்கைக் கடவுச்சீட்டோடு சவூதியிலோ கட்டாரிலோ வேலை செய்கிறவர். அவர் இலங்கைப் பிரசை. காணியும் வாங்கலாம், வீடும் வாங்கலாம். இரண்டாமவர், இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தவர். அவருக்கும் இந்தத் தடை இல்லை. மூன்றாமவர், இலங்கைப் பிரசாவுரிமையை விட்டுவிட்டு பிரித்தானிய, கனடியப் பிரசையாகவே இருப்பவர். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்திருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாட்டவர். கொட்டாஞ்சேனையில் ஒரு துண்டுக் காணியை அவர் விலைகொடுத்து வாங்க முடியாது. தொடர்மாடி வீடு வாங்கலாம். ஆனால் உறுதி எழுதுமுன் முழுப் பெறுமதியும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக இலங்கைக்கு வந்திருக்க வேண்டும். நெருங்கிய உறவிலிருந்து வாரிசாகவோ நன்கொடையாகவோ மரண சாசனத்தாலோ கிடைக்கும் காணிக்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது.

ஆகவே விசாரணைப் படிவத்தில் பெயருக்கு அடுத்ததாக "நீங்கள் எந்த நாட்டுப் பிரசை?" என்று கேளுங்கள். அதற்கேற்ப வழி காட்டுங்கள். தனக்கு உரிமையில்லாத காணியை ஆறு மாதம் காட்டிவிட்டுக் கடைசியில் கைவிரிக்கும் தரகரை விட, முதல் நாளே "இது உங்களுக்குச் சரிவராது, இதைப் பாருங்கள்" என்கிறவரைத்தான் ஆட்கள் தங்கள் உறவினர்களுக்கும் சொல்லிவிடுவார்கள்.

காசு போகும் வழி

மேலே சொன்ன மூன்றாமவர் காசை உண்டியலில் அனுப்பினால் என்ன நடக்கும்? வீட்டுக்காரரின் கைக்கு ரூபாய் வந்துவிடும். ஆனால் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு வங்கிச் சான்று இருக்காது. அந்தச் சான்று இல்லாமல் அவர் சட்டப்படி வாங்கியதாகக் காட்டுவது எப்படி? நாளைக்கு வீட்டை விற்றுக் காசைத் திரும்பக் கொண்டுபோக நினைத்தாலும் முட்டுக்கட்டைதான். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், உள்முக முதலீட்டுக் கணக்கு என்று வங்கிகளில் ஒன்று திறக்கலாம். அதன் வழியாக வந்து முதலீடான பணம், விற்கும்போது அதே வழியில் திரும்பிப் போகலாம். இதை நாலு வரியில் தளத்தில் எழுதி, "உங்கள் வங்கியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்" என்று சேர்த்துவிடுங்கள். உண்டியலில் ஓரிரு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று ஆசைகாட்டுகிறவர்களுக்கு அதுவே பதில்.

இன்னொரு மோசடியும் உலகமெங்கும் நடக்கிறது. தரகரின் மின்னஞ்சலுக்குள் கள்ளன் புகுந்து, பேரம் முடியும் நேரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள்" என்று எழுதிவிடுவான். அனுப்பிய பணம் போனது போனதுதான். ஆகவே தளத்தின் கண்ணில் படும் இடத்தில், "மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ கணக்கிலக்கத்தை மாற்றிச் சொல்லமாட்டோம். அனுப்புமுன் இந்தத் தொலைபேசிக்கு எடுத்துக் கேளுங்கள்" என்று போட்டு வைக்க வேண்டும்.

இன்னும் கட்டி முடியாத தொடர்மாடியை விற்பதென்றால் பொறுப்பு இரட்டிப்பு. டுபாயில் 2007ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், கட்டப்படும் வீட்டுக்கு வாங்குபவர் செலுத்தும் பணம் அந்தக் கட்டிடத்துக்கென்றே உள்ள பாதுகாப்புக் கணக்கில் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் சட்டப்படி, அதற்கு உட்பட்ட கட்டிடத் திட்டத்தைப் பதியாமல் விளம்பரமே செய்யக்கூடாது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்துக் காணிக்கும் கட்டிட வேலைக்குமே செலவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இவற்றைப் பார்த்துப் பழகியவர். எந்த வேலை முடிந்ததும் எவ்வளவு, தாமதித்தால் என்ன பரிகாரம் என்ற அட்டவணையைப் பக்கத்தில் வைக்கத் தயங்கும் கட்டுநரின் வீட்டை உங்கள் மகள் தன் தளத்தில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

குறையை மேலே வையுங்கள்

மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டதும், நனைந்ததை ஆட்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டதும் நாமெல்லோரும் மத்ரஸாவில் படித்ததுதான். வீட்டு விளம்பரத்துக்கும் அதுவே அளவுகோல்.

மரைன் டிரைவ் பக்கத்து வீடு என்றால் கடற்காற்று வரும். அதோடு உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், கரையோர ரயில் சத்தமும் கேட்கும். "கடல் தெரியும்" என்று எழுதினால், முன்னால் உள்ள காணி வெறுமையாக இருக்கிறது, நாளை அங்கே கட்டிடம் எழும்பினால் தெரியாது என்பதையும் எழுத வேண்டும். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்கு அண்மையில் என்றால் லொறிகள் போய்வரும். ஒழுங்கை ஒடுங்கியது என்றால் வாகனம் எதுவரை வரும்? எந்த மாடி? லிஃப்ட் வேலை செய்கிறதா? மின்சாரம் போனால் மின்பிறப்பாக்கி லிஃப்டுக்கு மட்டுமா, வீட்டுக்குள்ளும் வருமா? வாகனத் தரிப்பிடம் உறுதியில் இருக்கிறதா, வாய்ப் பேச்சில் இருக்கிறதா?

ஹோலை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் படங்களுக்குப் பதிலாக, காலி வீதியிலிருந்து வாசற்கதவு வரை நடந்து ஒரே தொடராக ஒரு வீடியோ எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் எடுத்த திகதி இருக்கட்டும். யன்னலால் பார்த்தால் தெரியும் எதிர்ச்சுவரையும் எடுங்கள். குளியலறைக் கூரையில் ஈரத் தடம் இருந்தால் அதையும் எடுங்கள்.

அளவிலும் தெளிவு தேவை. ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளைக்குப் பேர்ச் என்றால் விளங்காது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, கிட்டத்தட்ட 25.3 சதுர மீற்றர், 160 பேர்ச் ஓர் ஏக்கர் என்று ஓர் ஓரத்தில் போடுங்கள். 1,100 சதுர அடி என்றால், அது வீட்டின் சுவர்களுக்குள் உள்ளதா, நடைபாதையின் பங்கும் சேர்ந்ததா?

செலவும் அப்படித்தான். விலைக்கு மேலே முத்திரை வரி உண்டு. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 3 கோடி ரூபாய் வீட்டுக்கு இது மட்டும் 11,99,000 ரூபாய். நொத்தாரிசு கட்டணம் வேறு. மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, வீட்டுச் சொந்தக்காரர்களின் முகாமைக் குழு ஒழுங்காக இயங்குகிறதா, பெரிய திருத்த வேலைக்குச் சேமிப்பு இருக்கிறதா என்பவைதான் நான்காவது பயத்துக்கு மருந்து. முன்பக்கம் பளபளத்து, மூன்று வருடத்தில் லிஃப்ட் நின்று, தண்ணீர்த் தொட்டி ஒழுகும் கட்டிடங்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

பதில் சொல்லும் மனிதர்

தளத்தில் ஒரு மனிதரின் பெயர், அலுவலக விலாசம், வியாபாரப் பதிவிலக்கம், நிலையான தொலைபேசி ஆகியவை இருக்க வேண்டும். கொழும்பில் இரவு 7 மணி என்றால், கோடை காலத்தில் லண்டனில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30. கட்டாரில் எப்போதும் பிற்பகல் 4.30. ஆகவே இரவு 7 முதல் 9 வரை ஒருவர் பதில் சொன்னால் மூன்று இடத்துக்கும் பொருந்தும்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே விபரம் இருக்கட்டும். காசு அனுப்புகிற மகன் ஆங்கிலத்தில் படிப்பார். முடிவு சொல்கிற உம்மா தமிழில் படிப்பார். இருவரும் தொலைபேசியில் பேசும்போது கணக்கு ஒத்துப்போக வேண்டும். விற்றுப்போன வீட்டை உடனே எடுத்துவிடுங்கள். ஆள் பிடிப்பதற்காகப் பழைய விலையில் அதைத் தொங்கவிடுவதும், "மிகவும் திருப்தி" என்று இல்லாத ஆட்களின் பெயரில் நாமே எழுதிக்கொள்வதும் பொய்ச் சாட்சிக்குச் சமம்.

அந்தத் தாய்க்கு என் ஆலோசனை இதுதான். தளத்தைத் திருத்துமுன், விற்பனைக்குள்ள வீடுகளின் பத்திரங்களை ஒவ்வொரு கோப்பாக அடுக்கி, உறவினரையும் மகளையும் ஒரு மேசையில் உட்கார வையுங்கள். உறுதி, அளவைப் படம், வரிச் சிட்டை, சீ.ஓ.சீ., வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றில் எது இல்லையோ அந்த வீட்டை ஒதுக்கி வைத்து, குறையைச் சரிசெய்த பின்னர் ஏற்றுங்கள். இருபது வீட்டில் ஏழுதான் மிஞ்சினாலும் அந்த ஏழோடு தொடங்குங்கள். நம் மற்றச் சகோதரிகளும் அலுமாரியைத் திறந்து, தங்கள் பெயரில் உள்ள உறுதியை ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். விற்கிற எண்ணம் இல்லாவிட்டாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.